மீமிசலில் கால்குலேட்டருக்குப் பாடியது

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சுண்ணாம்புத் தூளில் கோடும் கட்டைக் குச்சியில் நம்பரும்தான். படிக்க முடியாத இடம் வந்தால் நம் ஆபீஸ் சர்வேயர் சங்கீதாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவள்தான் ஒரு வருடமாக என்னை எழுதச் சொல்லி நச்சரித்தவள். சிரமப்பட்டுப் படிக்கும் பொறுப்பும் அவளுக்கே.

நம்முடைய சர்வே ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் நான்கு பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் வழியனுப்பு விழாவில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்றேன், கும்பிட்டேன், உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்கு எப்போதும் வராது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் திறந்தேன். அந்தக் கதையை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

முட்டி தேய்ந்துபோய் ஐம்பத்தைந்து வயதில் நான் வேலையை விட்டு நின்றாலும், சேர்ந்தபோது இருபத்தாறுதான். இலுப்பூர் பக்கத்திலிருந்து வந்தவன். அளக்கிற கோட்டில் குறுக்கே நிற்கும் கருவேல முள்ளை வெட்டுவதற்கு எடுத்தார்கள். பிறகு நிலம் அளக்கும் செயின் இழுத்தேன். பிறகு அளவுகோல் பிடித்தேன். என்னைக் கூட்டிக்கொண்டு அலைந்தவர் ஒரு சர்வேயர். அவர் பெயரை எழுதக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டதால் சார் என்றே எழுதுகிறேன். மெலிந்த ஆள். தலையில் எப்போதும் ஒரு வெளுத்த தொப்பி. சட்டைப் பையில் எப்போதும் அந்தக் கால்குலேட்டர்.

சாதாரணக் கால்குலேட்டர் இல்லை. கறுப்பு. இழுத்துக் கழற்றுகிற மூடி. ஒரே ஒரு வரி ஓடும் சின்னத் திரை. ஒவ்வொரு பட்டனும் அமுக்கினால் டிக் என்று கேட்கும். தார் ரோட்டில் லாரி போனாலும் அந்தச் சத்தம் விரலுக்குத் தெரியும். அதற்குள் கணக்கின் வழியை ஒரு தடவை அடித்து வைத்துவிடலாம். அதற்குப் பெயர் புரோகிராம். பிறகு கோணத்தையும் தூரத்தையும் கொடுத்தால் போதும். அடையாளக் கட்டையை எங்கே அடிக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். கையால் போட்டால் ஒரு புள்ளிக்குப் பத்து நிமிடம். அதில் அரை நிமிடம். முதல் நாள் பார்த்தபோது உள்ளே யாரோ உட்கார்ந்து போடுகிறார்கள் என்றே நினைத்தேன்.

அதில் ஒரு தொல்லை இருந்தது. பின்னால் இரண்டு வட்ட பேட்டரிகள். ஒன்றைக் கழற்றிப் புதிதைப் போட்டு மூடிய பிறகுதான் அடுத்ததில் கை வைக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே வந்தால் புரோகிராம் அழிந்துவிடும். சாருக்கு மறதி அதிகம். பேட்டரி தீர்ந்துபோக விட்டுவிடுவார். பிறகு ஆபீஸில் உட்கார்ந்து, நோட்டைப் பார்த்து அவர் வாசிக்க, நான் பட்டனை அமுக்கித் திரும்ப ஏற்ற வேண்டும். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியும். ஆனால் பி, டி, ஈ என்று அவர் வேகமாக வாசித்தால் எல்லாம் என் காதில் ஒரே மாதிரி விழும். மூன்று தடவை தப்பாக அடித்த பிறகு சார் மூடியைத் தட்டிச் சொன்னார்.

"கருப்பையா, ஒனக்கு எப்புடித் தெரியுதோ அப்புடிப் பேரு வைய்யா. நான் அந்தப் பேருலயே வாசிக்கிறேன்."

அப்படி வைத்த பெயர்கள்தான் இவை. ஏ என்பது கூரை. டி என்பது வில். வரிசையாக இருந்த மூன்று பட்டன்கள் முதல் ஆள், நடு ஆள், கடைசி ஆள். அடைப்புக்குறி கதவு, திறக்கிற கதவு ஒன்று, சாத்துகிற கதவு ஒன்று. மஞ்சள் எழுத்துக்கு அமுக்குவது மஞ்சள். தலைக்கு மேல் சின்ன இரண்டு போட்ட பட்டன் மாடி. அம்புக்குறி அம்பு, பெருக்கல் குறி குறுக்க. இரண்டு வருடத்தில் எத்தனை தடவை ஏற்றினோமோ, அது தானாகவே நடவுப் பாட்டு மாதிரி ஒரு ராகத்தில் உட்கார்ந்துவிட்டது. ஆபீஸ் கதவைச் சாத்திவிட்டு இரண்டு பேரும் பாடுவோம்.

மஞ்சளத் தொட்டு அம்ப விடு
கூரைக்குள்ள நடு ஆளு
குறுக்க போயி கதவத் தெற
வில்லத் தூக்கி உள்ள வையி
கதவச் சாத்து, மாடி ஏறு

இப்படிப் பதினொரு வரி. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தட்டு. டீ கொண்டு வருகிறவர் கதவைத் தட்டினால் நான் சட்டென்று நிறுத்திவிடுவேன். சார் சிரிப்பார். "பாடுறதுக்கு என்னய்யா வெக்கம்? கணக்குதானே போடுறோம்?"

சாருக்கு ஒரு வழக்கம் உண்டு. மூடியின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டி, அதில் ஒரு கோணம், ஒரு தூரம், அதற்கு வரவேண்டிய விடை எழுதியிருப்பார். விடை 118.46. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் அதைப் போட்டுப் பார்ப்பார். "தெரிஞ்சத மொதல்ல கேளு. அதுக்கு ஒழுங்கா பதில் சொன்னா, அப்புறம் தெரியாததக் கேளு." காலையில் டீ குடிப்பதற்கு முன் அந்த நம்பரைப் பார்க்காவிட்டால் அவருக்கு ஓடாது. எனக்கும் அப்படித்தான் ஆகிவிட்டது.

இப்போது மீமிசலுக்கு வருகிறேன்.

அங்கே அப்போது மீன் இறக்குவதற்குத் தளம் கிடையாது. படகு தூரத்தில் நிற்கும். பெண்கள் இடுப்பளவு தண்ணீரிலும் சேற்றிலும் இறங்கிப் போய், தலையில் கூடையை வாங்கி, வழுக்கி வழுக்கிக் கரையேறுவார்கள். ஒரு தளம் கட்ட வேலை வந்தது. முகப்பு வளைவாக வரும். அதற்கு நாற்பத்திரண்டு தூண்கள். தூண் இறங்க வேண்டிய இடம் ஒவ்வொன்றிலும் நாங்கள் கட்டை அடித்துக் கொடுக்க வேண்டும். சார் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை அது.

ஊரில் கூடிப் பேசி, ஒரு நாள் முற்பகல் மட்டும் படகுகளை வடக்கே ஒதுக்கித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தண்ணீர் நன்றாக வற்றியிருப்பதும் அந்த நேரத்தில்தான். தூண் இறக்கும் எந்திரம் வெளியூரிலிருந்து வந்து கரையில் நின்றது. அன்றைக்குக் கட்டை விழுந்தால் மறுநாள் அது வேலையைத் தொடங்கும். விழாவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும். பிறகு ஐப்பசி மழை. பிறகு எந்திரம் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது.

கரையில் பத்துப் பதினைந்து பெண்கள் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சவரியம்மா என்பவர் எல்லோருக்கும் தலைவி மாதிரி. வயது நாற்பது இருக்கும். மீன் எண்ணுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இரண்டு கையாலும் மீனை எடுத்து வீசிக்கொண்டே, பக்கத்தில் நிற்பவரைத் திட்டிக்கொண்டே எண்ணுவார். எண்ணிக்கை பிசகாது.

நாங்கள் இறங்கியதும் சத்தம் போட்டார். "என்ன சார், முங்கிக் குளிக்க வந்தீகளா, மேடை கட்ட வந்தீகளா? போன வருசமும் ரெண்டு பேரு தொப்பி போட்டுக்கிட்டு வந்தாக. பாத்தாக, போயிட்டாக."

"இந்தத் தடவ கட்டிருவோம்மா."

"கட்டுங்க, கட்டுங்க. எம் முட்டி ரெண்டும் ஒங்களத்தான் நம்பி இருக்கு."

அடையாளக் கம்பிகளைப் பார்க்க சார் ஒரு வள்ளத்தில் போனார். கால்குலேட்டரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். போகிற வள்ளம் திரும்பியபோது ஒரு அலை என் மேல் அடித்தது. கால்குலேட்டர் நனைந்தது. உப்புத் தண்ணீர்.  உடனே கரைக்கு ஓடிவந்து, தோள் துண்டால் துடைத்து, பின்மூடியைத் திறந்தேன். உள்ளேயும் ஈரம். பேட்டரி துருப்பிடித்துவிடுமே என்ற பதற்றத்தில் இரண்டையும் கழற்றித் துண்டின் மேல் வைத்தேன். ஊதினேன். வெயிலில் காட்டினேன். ரொம்ப அக்கறையாகச் செய்தேன். திரும்பப் போட்டு ஆன் செய்தபோதுதான் புத்தி வந்தது.

திரை சுத்தமாக இருந்தது. கழுவிய தட்டு மாதிரி.

நோட்டு புதுக்கோட்டை ஆபீஸில் சாரின் மேசை டிராயருக்குள் பூட்டிக் கிடந்தது. கைப்பேசி இல்லாத காலம். பஸ்ஸில் போய்த் திரும்பினால் சாயங்காலம் ஆகிவிடும்.

பிள்ளைகளே, உண்மையைச் சொல்கிறேன். உப்புத் தண்ணீர் பட்டுக் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். சார் வள்ளத்திலிருந்து இறங்கி நடந்து வர எவ்வளவு நேரம் ஆனதோ, அவ்வளவு நேரமும் அந்தப் பொய்யை வாய்க்குள் வைத்திருந்தேன். பக்கத்தில் வந்ததும் அவர் தொப்பியைத் தூக்கி நெற்றியைத் துடைத்தார். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"சார், ரெண்டு பேட்டரியையும் ஒன்னா கழட்டிட்டேன். புரோகிராம் போயிருச்சு."

சார் கடலைப் பார்த்தார். எந்திரத்தைப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி எட்டு இருவது. பதினொன்னரைக்கு மேல தண்ணி ஏறிரும். திட்டுறத சாயங்காலம் வச்சுக்குவோம். இப்ப என்ன செய்யலாம், அதச் சொல்லு."

இந்த ஒரு வார்த்தையைத்தான் உங்களுக்கு முக்கியமாக எழுத நினைத்தேன். நீங்களும் நாளைக்கு ஒரு ஆளுக்கு மேலதிகாரியாக நிற்பீர்கள். திட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நேரம் பார்த்துத் திட்டுங்கள். அவர் அப்போது கத்தியிருந்தால் எனக்கு என் பெயரே மறந்திருக்கும்.

"நோட்டு இல்லாம ஒங்களுக்கு வருமா சார்?" என்று கேட்டேன்.

"எழுதுனது நானா? என் சீனியரு. நான் பாத்து வாசிச்சவன்தானே. அமுக்குனவன் நீ. ஒனக்குத்தான்யா தெரியும்."

உட்கார்ந்தேன். மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். மூன்று வரி வந்தது. நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி அதே இடத்தில் நின்றது. விரல் காற்றில் தொங்கியது.

"மனசுக்குள்ள சொன்னா எப்புடிய்யா வரும்? ஆபீஸ்ல எப்புடிப் பாடுவ? பாடு."

"சார், பொம்பளைங்க இருக்காங்க."

"இருக்கட்டுமேய்யா."

கருவாட்டுப் பக்கம் எல்லாத் தலைகளும் எங்களைப் பார்த்துத் திரும்பியிருந்தன. எனக்குக் கல்யாணத்தில் மாலை மாற்றும்போதுகூட அவ்வளவு வியர்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தேன். "மஞ்சளத் தொட்டு அம்ப விடு..."

"என்னப்பு அது, மந்திரமா?" சவரியம்மா எழுந்து வந்துவிட்டார். "அந்தப் பெட்டிக்குப் பேய் புடிச்சிருக்கா?"

சார் சொன்னார்: "பேய் எறங்கிப் போயிருச்சும்மா. அதத்தான் திரும்ப ஏத்துறோம். இவரு பாடுனாத்தான் ஏறும். வெக்கப்படுறாரு."

"அட, இம்புட்டுத்தானா! எலே அப்பு, நாங்க என்ன ஒன்னைய பொண்ணு பாக்கவா வந்திருக்கோம்? பாடு. நான் தாளம் போடுறேன்." ஒரு காலி அலுமினிய அன்னக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

பாடினேன். முதல் வரி யாருக்கும் கேட்டிருக்காது. இரண்டாவது வரிக்கு அன்னக்கூடையில் தட்டு விழுந்தது. டிக் என்று நான் அமுக்கும்போதெல்லாம் டங் என்று அவர் தட்டினார். மூன்றாவது வரியிலிருந்து பெண்கள் ஒவ்வொரு வரியையும் எதிர்ப்பாட்டாகத் திரும்பப் பாடினார்கள். எங்கே நின்றுவிடுமோ என்று பயந்த இடம் கடந்துபோனது எனக்கே தெரியவில்லை. பதினொரு வரியும் வந்தது. கடைசிப் பட்டனை அமுக்கிக் கண்ணைத் திறந்தபோது நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

சார் மூடியைத் திருப்பினார். தாளில் இருந்த கோணத்தையும் தூரத்தையும் கொடுத்தார்.

131.72.

118.46 வர வேண்டும். எந்திரக்காரர் தூரத்திலிருந்து, "என்ன சார், ஆரம்பிக்கலாமா?" என்று கத்தினார். அந்தப் பதிலையே வைத்துக் கட்டை அடித்திருந்தால் அன்றைக்கு வேலை முடிந்துவிட்டது போலத்தான் இருந்திருக்கும். தூண்கள் நாற்பத்திரண்டும் கடலுக்குள் எங்கோ கோணலாக நின்றிருக்கும். சார் கையை உயர்த்தி, "கொஞ்சம் இருங்க" என்றார். கோபமே இல்லாமல் என்னிடம், "எங்கயோ ஒன்னு விட்டுப்போச்சு. எது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் பாடினேனே.

"பாடத்தான் பாடுன, அப்பு," என்றார் சவரியம்மா. "ஆனா ஒரு தட்டு கொறையுது."

"எங்கம்மா?" சார் அவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அவரு ரெண்டு தடவ கதவச் சாத்துனாரு. மொதக் கதவுக்கு டிக்குன்னு கேட்டுச்சு. ரெண்டாவது கதவ வாயால மட்டும் சாத்துனாரு, வெரல் எறங்கல. நான் தட்டிட்டேன், அவரு தட்டல. மீனு எண்ணுற கையி சார். ஒன்னு கொறஞ்சா தெரிஞ்சிரும்."

சார் புரோகிராமைத் திறந்து ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக்கொண்டே போனார். பாட்டின் ஒன்பதாவது வரியில் நின்றார். சாத்த வேண்டிய கதவு இல்லை. கண்ணை மூடிப் பாடியதில் விரல் பட்டனின் ஓரத்தில் பட்டு நழுவியிருக்கிறது. "சாத்துய்யா" என்று என்னிடம் நீட்டினார். சாத்தினேன். மறுபடி தெரிந்ததைக் கேட்டார்.

118.46.

சார் அதை வாய்விட்டுப் படித்தார். அது என்னவென்றே தெரியாமல் பெண்கள் எல்லோரும் குலவை போட்டார்கள். எந்திரக்காரரும் அங்கிருந்து கையைத் தட்டினார். நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். சிரிப்பை மறைக்கவா, அழுகையை மறைக்கவா என்று எனக்கே தெரியாது.

மணி ஒன்பதேகால். அதற்கப்புறம் நாங்கள் வேலை செய்த வேகத்தை இன்றைக்கும் நினைத்தால் முட்டி வலி மறந்துபோகும். சார் நம்பரைச் சொல்லுவார், நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு சேற்றில் ஓடுவேன், கட்டை இறங்கும். சவரியம்மாவும் இன்னும் மூன்று பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டை சுமந்து வந்தார்கள். அந்தச் சேற்றில் எங்கே கால் வைக்கலாம் என்று எங்களைவிட அவர்களுக்குத்தான் தெரியும். நாற்பத்திரண்டாவது கட்டை இறங்கும்போது தண்ணீர் சாரின் தொடைக்கு வந்துவிட்டது. அவர் அப்போதும் கால்குலேட்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைசிக் கட்டையைச் சரிபார்த்துக்கொண்டே நின்றார்.

"சார், தண்ணிக்குள்ள நிக்காதீக! மேல ஏறி வாங்க!" என்று கரையிலிருந்து சவரியம்மா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

சாயங்காலம் பஸ்ஸில் நானே கேட்டேன். "சார், திட்டுறேன்னு சொன்னீங்களே."

"ஆமா, மறந்துட்டேன் பாரு. இனிமே ரெண்டையும் ஒன்னா கழட்டுவியா?"

"மாட்டேன் சார்."

"சரி. திட்டியாச்சு."

தளம் வந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு ரோடு வேலைக்காக அந்தப் பக்கம் போனபோது பார்க்கப் போனோம். படகு தளத்தை ஒட்டி நிற்கிறது. பெண்கள் வரிசையாக நின்று கூடையைக் கைமாற்றி விடுகிறார்கள். ஒரு கால்கூட நனையவில்லை. கூடை கைமாறும்போது பாடுகிறார்கள். "மஞ்சளத் தொட்டு அம்ப விடு, கூரைக்குள்ள நடு ஆளு." சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்கு அவர் சிரித்த மாதிரி அதற்கு முன்பும் பின்பும் சிரித்ததில்லை.

அப்புறம் அளந்து கணக்கையும் தானே போடும் டோட்டல் ஸ்டேஷன் வந்தது, இப்போது உங்கள் ஜி.பி.எஸ். வந்துவிட்டது. உங்கள் கருவிகள் அதைவிடப் பத்து மடங்கு நல்லவை. குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தக் கால்குலேட்டரை நினைத்தால் எனக்குச் சந்தோஷம் பொங்குகிறது. அதற்குள் என்ன இருந்ததோ அது என் விரல் வழியாகப் போனது. அதனால்தான்.

போன மாதம் வழியனுப்பு விழாவில் நீங்கள் கொடுத்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தபோது நான் பேசாமல் உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதே கறுப்பு மூடி. அதே தாள், மங்கிப்போய். சார் இப்போது பெங்களூரில் மகனோடு இருக்கிறார். அவர்தான் சங்கீதாவுக்குக் கூரியரில் அனுப்பியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

வீட்டில் பேட்டரி வாங்கிப் போட்டேன். ஒன்றை முதலில், மற்றதை அப்புறம். எத்தனை வருடமோ டிராயரில் கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஆனால் திரை வந்தது. பாடிப் பார்த்தேன். ஆறாவது வரியோடு நின்றுவிட்டது. நான்கு நாள் முயன்றேன். வரவில்லை. நோட்டைக் கரையான் தின்றுவிட்டது என்று சார் போனில் சொன்னார்.

சங்கீதாவுக்கு மீமிசல் பக்கம் அளவு வேலை இருந்தது. "வாங்கண்ணே, ஜீப்புல எடம் இருக்கு" என்றாள். போனேன். சவரியம்மா தளத்தின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து மற்றவர்களை வேலை வாங்கிக்கொண்டிருந்தார். முடி முழுக்க வெள்ளை. தொண்டை அப்படியே இருந்தது. என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"வெக்கப்படுற அப்புதானே நீ? பேய் மறுபடியும் எறங்கிருச்சா?"

"ஆமாங்க அக்கா. ஆறு வரிக்கு மேல மறந்துபோச்சு."

"மறந்துட்டியா? நாங்க தெனமும் பாடுறோம்." அவர் திரும்பி, "ஏ புள்ளைகளா, கூடைய எறக்குங்க. கெட்டுப்போன பெட்டி வந்திருக்கு" என்றார். அன்னக்கூடை வந்தது. இந்தத் தடவை அவர்கள் பாடினார்கள், நான் அமுக்கினேன். கண்ணை மூடவில்லை. ஒன்பதாவது வரி வந்ததும் சவரியம்மா பாட்டை நிறுத்தி என் விரலையே பார்த்தார். டிக் என்று கேட்ட பிறகுதான் பத்தாவது வரிக்குப் போனார்.

மூடியைத் திருப்பினேன். தெரிந்ததைக் கேட்டேன். பதில் வந்ததும் சங்கீதா சாருக்குப் போன் போட்டுக் கொடுத்தாள்.  போனைச் சவரியம்மாவிடம் நீட்டி, திரையில் இருந்ததை அவர் காதில் சொன்னேன்.

"சாரா? நூத்திப் பதினெட்டு, புள்ளி, நாலு ஆறு!" என்று கடலுக்கே கேட்கும்படி கத்தினார் சவரியம்மா. "கதவெல்லாம் சாத்தியாச்சு. இன்னமும் தண்ணிக்குள்ளயா நிக்கிறீக? மேல ஏறி வாங்க!"

புதுக்கோட்டை,
ஆவணி பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.